எழுபது நிமிடத் தண்ணீர்

அத்தியாயம் பதினொன்று

இதோடு ஏறிவிடலாம். இந்த லேப் முடிந்ததும் கம்பியைப் பிடித்து, ஏறி, துவட்டிக்கொண்டு, ‘ரொம்ப நன்றி சார், எனக்கு இது சரிப்பட்டு வராது’ என்று சொல்லிவிடலாம். அவர் நல்ல மனிதர். வருத்தப்படுவார். உள்ளுக்குள் அவருக்கும் விடுதலையாகத்தான் இருக்கும். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருப்பதில் எங்கள் வீட்டை மிஞ்ச ஆளில்லை.

சுவர் வந்தது. அவள் கம்பியைப் பிடிக்கவில்லை. சுவரை உதைத்துத் திரும்பினாள்.

முப்பது லேப்பாக இதே நினைப்புதான். ஒவ்வொரு முறையும் வார்த்தை மாறாமல் அதே பேச்சு; சுவர் வந்ததும் அதே திரும்பல். மனம் ஒரு பக்கம் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க, உடம்பு அதைக் கண்டுகொள்ளாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

கூரை போட்ட குளம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபத்தைந்து மீட்டர். காலை ஆறு மணிக்கே பக்கத்துப் பாதையில் ஆறு வயதுக் குழந்தைகள் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அவளுக்கும் ஒரே வாத்தியார். தரையில் குப்புறப் படுத்து, காலை மடக்கி விரித்துக் காட்டுவதால் குழந்தைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் தவளை சார். நாற்பத்தேழு வயதில் அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. நன்றாகச் செய்கிறவர்களின் பையில் ஒரு வாத்துப் படம் ஒட்டுவார். அவளுடைய பையில் மூன்று வாத்துகள் இருந்தன. ஒரு வருடத்தில் மூன்று.

“கை நல்லா வருது,” என்றார் தவளை சார், குளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து. “தலை நல்லா இருக்கு. ஆனா இடுப்புக்குக் கீழ எல்லாம் தரைக்குப் போயிடுது. யாரோ காலைக் கட்டி இழுக்கிற மாதிரி நீந்தறீங்க. ஏன்னுதான் எனக்குப் பிடிபடல.”

“வயசாயிடுச்சு சார், வேறென்ன.”

“வயசாவது ஒண்ணாவது. சைக்கிள்ல தொண்ணூறு கிலோமீட்டர் மிதிக்குதே, அது வேற யாரோட காலா? மூச்சைத் தண்ணிக்குள்ள விடறீங்கதானே?”

“விடறேன் சார்.”

“அப்ப எனக்குப் புரியல,” என்று அவர் தலையைச் சொறிந்தார்.

முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் பலகையோடு மிதந்து வந்து அவளைக் கரிசனமாகப் பார்த்தது. “ஆன்ட்டி, உங்க கால் தூங்குது. எழுப்பி விடுங்க.”

“எழுப்பறேன்டா கண்ணு. எழுந்திருக்க மாட்டேங்குது.”

தவளை சார் எழுந்தார். “சாயங்காலம் வாங்க. ஆயிரம் மீட்டர் நேரம் பார்த்துடலாம். முப்பத்தேழு நிமிஷத்துக்குள்ள வந்தா ஏரியில தைரியமா இறங்கலாம். நாற்பத்தஞ்சுலயே நின்னா...” மீதியை அவர் சொல்லவில்லை. குழந்தைகளிடம் பேசிப் பழகியவர்; கெட்ட செய்தியைப் பாதியில் நிறுத்தத் தெரிந்தவர்.

போட்டிக்கு ஏழு வாரம் இருந்தது. அந்த ஏரியில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் நீந்த வேண்டும். கரையேறி சைக்கிளில் தொண்ணூறு கிலோமீட்டர். இறங்கி இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். சைக்கிளும் ஓட்டமும் அவளுக்குப் பயமில்லை. நீச்சலுக்கு எழுபது நிமிடம். எழுபத்தோராவது நிமிடம் தண்ணீரில் இருந்தால் படகில் ஏற்றிக்கொண்டு வந்து கரையில் இறக்கிவிடுவார்கள். சைக்கிளைத் தொடக்கூட விடமாட்டார்கள்.

*

வீட்டில் கணவர் நின்றுகொண்டே ரொட்டி தின்றுகொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் அவர் காலைச் சாப்பாடு சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. அவித்த முட்டையை உரித்து அவள் தட்டில் வைத்தார். இரண்டு. பிறகு யோசித்து மூன்றாவதையும் வைத்தார்.

“இன்னிக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும் மாத்திக்கலாமாம்,” என்றார் போனைப் பார்த்தபடி.

“எதை?”

“பிரிவை. தனியாப் பேர் கொடுத்தவங்க ரிலேவா மாறிக்கலாமாம். நீந்த ஒருத்தர், சைக்கிளும் ஓட்டமும் ஒருத்தர். ரெண்டு பேர் போதுமாம். சும்மா சொன்னேன்.”

“சும்மாவா?”

“சும்மாதான். படிச்சேன், சொன்னேன். ஒரு மனுஷன் படிச்சதைச் சொல்லக்கூடாதா இந்த வீட்ல?”

மகள் ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். எதையும் எடுக்கவில்லை. இருபது வயது, கல்லூரி விடுமுறைக்கு வந்து பத்து நாள்.

“கெண்டை, ஃபிரிட்ஜை மூடு. உள்ள இருக்கிறது எல்லாம் வெளிய ஓடி வந்துடப் போகுது,” என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் மூவருக்கும் உறைத்தது. அந்தப் பெயரை அவர் கூப்பிட்டு மூன்று வருடமாகியிருந்தது. ஏழு வயதில் மகள் தண்ணீரில் இறங்கிய அன்றே அவர் வைத்த பெயர் அது. பதினேழு வயதில், பெரிய போட்டிக்கு முந்தைய நாள் மாலை, ‘இனி நீந்தமாட்டேன்’ என்று சொல்லிவிட்டுப் பையை அலமாரியின் மேல் தூக்கிப் போட்டாள் அவள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் உடைந்துவிடுவாள் என்று அம்மா நினைத்தாள். அம்மாவே கேட்கவில்லை, நாம் எப்படிக் கேட்பது என்று அப்பா நினைத்தார். பெயரும் பையோடு மேலே போய்விட்டது.

மகள் ஃபிரிட்ஜை மூடினாள். “நான் கெண்டை இல்லப்பா. கருவாடு.”

அவர் சிரித்தார், தேவைக்கு அதிகமாகவே.

அவள் முட்டையைத் தின்றபடி கணவரைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன் ஏரியில் நடந்ததை இந்த வீட்டில் யாரும் மறுபடி பேசவில்லை. அது வெறும் பயிற்சிதான். பாதி தூரம்கூடப் போகவில்லை. அவள் காவல் படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்க, இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் போட்டார்கள். கரையில் நின்றிருந்த இவர், துண்டை அவள் தோளில் போட்டுவிட்டு, ‘சூடா டீ குடிக்கிறியா’ என்று மட்டும் கேட்டார். அந்த டீயில் அவர் இரண்டு முறை சர்க்கரை போட்டதை அவள் பார்த்தாள். பார்க்காதது போலவும் இருந்துகொண்டாள்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். நீச்சல் பை நாற்காலியிலேயே இருந்தது.

*

“தாடையை மேல வைங்க. கையை இடுப்புல வச்சு முழங்கையை முன்னாடி தள்ளுங்க. மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க...”

பொத்தான். சின்னதாக ஒரு சத்தம்.

“விடுங்க.”

இருபத்திரண்டு வருடமாக அவள் ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது முறை சொல்லும் வார்த்தைகள். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே அறை. ஈயக் கண்ணாடி வைத்த தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் பலகையில் மார்பை ஒட்டி நிற்கிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் வாழ்க்கையில் பாதி போயிருந்தது. முகத்தைவிட முதுகு நிறையச் சொல்லும் என்பது அவள் கண்டுபிடிப்பு. பயந்த முதுகு, கோபித்த முதுகு, வீட்டில் சொல்லாமல் வந்த முதுகு.

மகள் நீச்சல் பையோடு வந்தபோது மதியம் ஒரு மணி. “மறந்துட்டுப் போனியா, வேணும்னே விட்டுட்டுப் போனியா?”

“தெரியலடி,” என்றாள் உண்மையாக. “தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து உக்காரு. இன்னும் நாலு பேர்தான். அப்புறம் சாப்பிடலாம்.”

பருத்த மனிதர் ஒருவர் வந்தார். அவர் மூச்சை இழுத்தார், விட்டார், இருமினார். மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. “பிடிங்க... அப்படியே பிடிங்க... விடுங்க.”

“எங்க வீட்டம்மாகூட இவ்வளவு அதிகாரம் பண்ணினதில்ல,” என்றார் அவர், சட்டையை மாட்டிக்கொண்டே.

“அவங்ககிட்ட எக்ஸ்ரே மெஷின் இல்லியே சார்.”

“வேணாம்மா, இருந்தா என் உள்ளயே பூந்து பார்த்துடுவா.”

அவர் போனதும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

“என்ன சிரிப்பு? பாவம் மனுஷன்.”

“அவரை இல்ல. உன்னை. அம்மா, நீ ஏன் மூச்சைப் பிடிக்கறே?”

“நானா?”

“அவர் இருமிட்டாரு, விட்டுட்டாரு. நீ பிடிச்சுக்கிட்டே நிக்கறே. கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி. படம் அவருக்குத்தானே எடுக்கறாங்க?”

“போடி.”

“சரி, அடுத்த ஆளைக் கூப்பிடு. நான் பார்க்கறேன்.”

அடுத்து ஓர் இளம்பெண். தாடை, முழங்கை. ‘இழுங்க’ என்று சொல்லும்போதே தன் விலா விரிவதை அவள் உணர்ந்தாள். ‘பிடிங்க’ என்றபோது தோள் மேலே போயிற்று. வயிறு உள்ளே போயிற்று. அந்தப் பெண்ணுக்கு முன்பே இவள் பிடித்துவிட்டாள். ‘விடுங்க’ என்பதைக்கூடச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கிள்ளித்தான் சொன்னாள். மீதி அப்படியே உள்ளே நின்றது. கதவு மூடிய பிறகுதான் அது மெல்ல, யாருக்கும் தெரியாமல், வெளியே வந்தது.

அவள் கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்கு அறுபது. இருபத்திரண்டு வருடம். யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

அதுமட்டுமா? கணவர் வேனைப் பின்பக்கமாக எடுக்கும்போது. மகளின் போன் அடித்து, மகள் எழுந்து வேறு அறைக்குப் போகும்போது. தவளை சார் ‘நேரம் பார்க்கலாம்’ என்று கடிகாரத்தை எடுக்கும்போது. எல்லோருக்காகவும் அவள் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அதற்குப் பெயர் அக்கறை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

“கால் முங்குதுன்னு சொன்னியே, தண்ணிக்குள்ளயும் இதைத்தான் பண்றே,” என்றாள் மகள். சிரிப்பு போய்விட்டிருந்தது. கண்ணில் வேறு ஒன்று வந்திருந்தது. “முகம் உள்ள போனதும் பிடிச்சுக்கறே. திரும்பறதுக்கு முன்னாடி படக்குனு விட்டுட்டு உடனே இழுக்கறே. விடறோம்னு உனக்குத் தோணும். பாதிதான் விடறே. இங்க பாரு.”

மேஜையில் ஒரு பேனாவைக் கிடத்தி, அதன்மேல் ஸ்கேலை வைத்தாள். “இது நீ. இது உன் நெஞ்சு. உள்ள பலூன் மாதிரி காத்து அடைச்சு வச்சிருக்கே.” ஸ்கேலின் ஒரு முனையை விரலால் தூக்கினாள். மறுமுனை மேஜையில் இடித்தது. “நெஞ்சு மேல வந்தா கால் எங்க போகும்? அங்கதான் போகும். கால்ல ஒரு தப்பும் இல்லம்மா. மூச்சை முகம் உள்ள போன உடனே விட ஆரம்பிக்கணும். கொஞ்சம் கொஞ்சமா. முனகற மாதிரி. நான் சின்னதுல ஒரு...”

நிறுத்திக்கொண்டாள்.

தன் மகள் நீச்சலைப் பற்றித் தொடர்ந்து ஐந்து வாக்கியம் பேசி எத்தனை நாளாயிற்று என்று அம்மா எண்ணவில்லை. எண்ணினால் முகத்தில் தெரிந்துவிடும். ஸ்கேலை எடுத்து டிராயரில் போட்டாள்.

“அடுத்தவரைக் கூப்பிடட்டா?” என்றாள்.

“கூப்பிடு. ஆனா நீ விடு.”

*

மாலை ஆறு மணிக்குக் குளத்துக் கட்டடத்தின் வாசலில் மகள் நின்றுவிட்டாள். “நான் இங்கயே இருக்கேன்.”

“வெளிய கொசு கடிக்கும்.”

“உள்ள குளோரின் வாடை வரும்.”

“சரி, எது உனக்குக் கம்மியா கடிக்குதோ அங்க நில்லு.”

உடை மாற்றிக்கொண்டு வந்தபோது மகள் உள்ளே இருந்தாள். படிக்கட்டின் மேல்படியில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த நேரமும் ஓடிவிடக்கூடியவளாக. தவளை சார் தன் பழைய மாணவியைப் பார்த்துவிட்டார். சுவரில் தொங்கிய சாதனைப் பலகையைக் கண்ணால் காட்டினார். “உன் நேரத்தை இன்னும் யாரும் அடிக்கல.”

“அடிப்பாங்க சார்.”

“அடிச்சா உனக்குப் போன் பண்றேன்,” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஊரில் கேட்காதவர்கள் தன் வீட்டில் மட்டும் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நாற்பது லேப். கடிகாரம் அழுத்தப்பட்டது.

முதல் நான்கு லேப் பழைய கதை. முகம் உள்ளே போனதும் தொண்டை தானாகப் பூட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருடப் பூட்டு. ஐந்தாவதில் அவள் தண்ணீருக்குள் வாயைத் திறந்து, தன் அறையில் சொல்வது போலவே சொன்னாள்: விடுங்க. அது குமிழிகளாகப் போயிற்று. தனக்கே ‘ங்க’ போட்டு மரியாதையாகச் சொன்னதில் சிரிப்பு வந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். இருமிக்கொண்டே நீந்தினாள். நிற்கவில்லை.

மறுபடி சொன்னாள். வி...டு...ங்...க. ஒரு வார்த்தை தீர்வதற்குள் மூன்று கை வீசலாம் என்று தெரிந்தது. திரும்பும்போது நெஞ்சு காலியாக இருந்தது. காற்று தானே உள்ளே வந்தது. அவள் போய் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கவில்லை.

பத்தாவதிலோ பதினொன்றிலோ குதிகாலில் எதுவோ குளிர்ந்தது. என்னவென்று புரியச் சற்று நேரம் பிடித்தது. காற்று. அவளுடைய குதிகால் தண்ணீருக்கு வெளியே இருந்தது.

அப்போது வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? நாற்பத்தேழு வயதுப் பெண்ணொருத்தி, என் குதிகாலில் காற்றுப் பட்டது என்று சொன்னால் யார் நின்று கேட்பார்கள்? அவள் அதைத் தனக்கே சொல்லிக்கொண்டு நீந்தினாள். காலையில் ஓயாமல் எழுதிய ராஜினாமாக் கடிதம் எங்கே போயிற்று என்று இருபதாவது லேப்பில் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

முப்பதுக்கு மேல் கை மரத்துப்போயிற்று. பழக்கம் திரும்பி வந்தது. நான்கைந்து லேப் மறுபடி பிடித்துக்கொண்டாள், மறுபடி கால் இறங்கியது. கடைசி மூன்றை வெறும் பிடிவாதத்தில் நீந்தினாள்.

சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கியபோது தவளை சார் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார்.

“நாற்பத்தொண்ணு இருபது.”

“நாற்பத்தஞ்சு இல்லியா?”

“நாற்பத்தொண்ணு இருபது! ஒரே நாள்ல! என்ன பண்ணினீங்க?” அவர் ஏற்கெனவே பாக்கெட்டில் வாத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

மேல்படியில் மகள் இல்லை. கீழ்ப்படியில் இருந்தாள். பாதம் இரண்டும் நனைந்திருந்தன. மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரத்தை அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் போடுகிறாள் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. அந்தக் கணக்கை அவளும் போட்டுவிட்டிருந்தாள். இந்த வேகத்தில் போனால் ஏரியில் எழுபத்தெட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

*

ஏழரை மணிக்கு மூவரும் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்கள். கணவர் சூப் வைத்திருந்தார். அவர் வைக்கும் சூப்பில் காய்கறியை ஒரே அளவில், ஸ்க்ரூவைப் போல, வெட்டியிருப்பார். நாற்பத்தொண்ணு இருபது என்றதும் எழுந்து நின்று கைதட்டினார். உட்கார்ந்தார். பிறகு போனை எடுத்து மேஜை நடுவில் வைத்தார்.

“நான் ஒண்ணு சொன்னா கோவப்படக்கூடாது.”

“படிச்சதைச் சொல்லப் போறீங்களா?”

“இது படிச்சது இல்ல.” அவர் கரண்டியைத் திருப்பித் திருப்பி வைத்தார். “லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா நான் முதல்ல கதவுகிட்ட போய் பேசுவேன். பயப்படாதீங்க, நான் வெளியதான் நிக்கறேன், அஞ்சே நிமிஷம். அப்புறம் திறந்துடுவேன். எத்தனை பேரைத் திறந்திருக்கேன். அன்னிக்கு ஏரியில நானும் அதையேதான் கத்தினேன். நான் வெளியதான் நிக்கறேன்னு. உனக்குக் கேக்கல.” கரண்டியை மறுபடி திருப்பினார். “கேட்டிருந்தாலும் என்ன பண்ணியிருப்பேன்? தண்ணிக்குக் கதவு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலம்மா.”

இருபத்தைந்து வருடத்தில் அவர் தன் பயத்தை எடுத்து மேஜைமேல் வைத்தது இதுதான் முதல் முறை. அவள் கையை நீட்டி அவர் கரண்டியை நிறுத்தினாள்.

“நான் நீந்தறேன்,” என்றாள் மகள்.

இருவரும் திரும்பினார்கள்.

“ரிலேவா மாத்திடலாம். நீச்சலை நான் முடிச்சுத் தரேன். முப்பது நிமிஷம், கூடப் போனா முப்பத்தஞ்சு. நீ சைக்கிள், ஓட்டம். உனக்குப் பிடிச்சது ரெண்டும் இருக்கு. அப்பாவும் நிம்மதியா டீ குடிப்பாரு.”

கணவரின் முகத்தில் விளக்குப் போட்டது போலிருந்தது. மனைவி பத்திரம், மகள் மறுபடி தண்ணீரில். இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத இரண்டு வரம் ஒரே தட்டில். “கெண்டை!” என்றார். இந்த முறை வாய் தவறவில்லை.

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. என்ன ஒரு பரிசு! சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக் காலையிலேயே அலமாரி மேலிருந்து அந்தப் பை இறங்கும். ஏரிக்கரையில் மகள் ஈரத் தலையோடு ஓடிவந்து தன் கையைத் தட்ட, தான் சைக்கிளில் ஏறுவதை மனதுக்குள் அவள் பார்த்தேவிட்டாள். அழகான படம். அதில் குறையே இல்லை.

பிறகு மகளின் கையைப் பார்த்தாள். மேஜையின் விளிம்பை அந்த விரல்கள் பிடித்திருந்தன. நகம் வெளுக்கும் அளவுக்கு. பலகையை ஒட்டி நின்ற ஆயிரம் முதுகுகளைப் பார்த்தவளுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

“உனக்கு நீந்தணும்னு ஆசையா இருக்காடி?”

“ஆசைன்னு இல்ல.”

“அப்புறம்?”

“உனக்காக...” மகள் சூப்பைப் பார்த்தாள். “அன்னிக்கு அப்பா போன்ல அழுதாரும்மா. ஏரியிலருந்து வந்ததும். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாரு.”

“ஏய்,” என்றார் அப்பா பலவீனமாக. “அழல. ஜலதோஷம்.”

மூவருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது.

“ஒண்ணு கேக்கட்டாம்மா?” என்றாள் மகள். “நான் ஏன் விட்டேன்னு நீ ஒரு நாள்கூடக் கேக்கல. ஏன்?”

சுவர்க் கடிகாரத்தில் ஏழு ஐம்பத்திரண்டு.

“கேட்டா நீ சொல்ல வேண்டியிருக்கும்னு,” என்றாள் அம்மா. “இப்ப கேக்கட்டா?”

மகள் சூப்பைக் கரண்டியால் கிளறினாள். “இப்ப வேணாம். அப்பாவும் இருக்கும்போது வேணாம்.”

கணவர் அதைக் கேட்டும் கேட்காதவராக, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகள் எழுந்து சமையலறைக்குப் போய் எதற்கென்று இல்லாமல் குழாயைத் திறந்தாள். அப்பாவுக்குத் தெரியக்கூடாதது என்ன என்ற கேள்வி மேஜையில் அப்படியே கிடந்தது. அதை இன்றைக்குத் தொடக்கூடாது என்று அவள் தீர்மானித்தாள். ஆனால் இனி ரொம்ப நாள் தொடாமலும் இருக்கக்கூடாது.

“எட்டு நிமிஷம்கூட இல்ல,” என்றார் கணவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு. போனை அவள் பக்கம் தள்ளினார். திரையில் இரண்டு கட்டங்கள்: தனி, ரிலே. ரிலே கட்டத்தை அவர் ஏற்கெனவே தொட்டுவைத்திருந்தார். கீழே உறுதி செய்யும் பொத்தான் மட்டும் பாக்கி. “அவளே வரேன்னு சொல்றா. நானும் கேக்கறேன். கையெடுத்துக் கும்பிடச் சொன்னாலும் கும்பிடறேன். நீ அமுக்கிடு. போதும்.”

அவர் இதுவரை அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. ஏரியின் நடுவிலிருந்து பார்த்தபோது, தூரத்தில், கரையில் ஒரு சின்ன உருவம் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. குரல்தான் கேட்கவில்லை. ஆட்டிய கை தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அன்று படகு வரும்வரை மிதந்தாள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொன்னால் பதில் மாதிரி ஆகிவிடும்.

எழுபத்தெட்டு எழுபதாக வேண்டும். ஏழு வாரத்தில் ஆகலாம். ஆகாமலும் போகலாம், அப்போது மறுபடி படகு, மறுபடி துண்டு, ஊர் பார்க்கக் கரையில் தொடப்படாத சைக்கிள். அதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதையும் தள்ளிவிடவில்லை.

“வேணாங்க,” என்றாள்.

“ஏம்மா?” என்றார் கணவர்.

“என் தண்ணி அது. நானே போறேன்.” குரல் உயரவில்லை. “அவளுக்கு நீந்தணும்னு தோணினா அவளுக்காக நீந்தட்டும். எனக்காக வேணாம்.”

சமையலறையில் குழாய் நின்றது.

அவள் போனைக் கையில் எடுத்தாள். அவர் தொட்டுவைத்திருந்த கட்டத்தையும் கீழே இருந்த பொத்தானையும் ஒரு கணம் பார்த்தாள். எதையும் தொடாமல் போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டு, ஆறிப்போன சூப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.